'டெம்ப்' கோப்புறையில் போட்ட ஃபைல் எங்கே போனது?

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி கிள்ளானுக்குப் போகிறீர்கள். லினக்ஸ் மடிக்கணினியில் அசைன்மென்ட் வீடியோவை எடிட் செய்து, அவசரத்தில் 'டெம்ப்' கோப்புறையில் சேவ் பண்ணிட்டீங்க. ஷா ஆலம் தாண்டும்போது பேட்டரி காலி. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுத் திறந்தால் வீடியோவைக் காணோம்!

வைரஸா? இல்லை. அந்த வீடியோ ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ இல்லை, ரேமில் இருந்திருக்கலாம்.

டிஎம்பிஎஃப்எஸ் என்றால் என்ன?

ரேமின் ஒரு பகுதியைச் சாதாரண கோப்புறை போலக் காட்டும் ஏற்பாடு இது. 2001-இல் வந்த லினக்ஸ் 2.4 முதல் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 'டெம்ப்' கோப்புறையை இயல்பாகவே இதில்தான் வைக்கிறது. விண்டோஸில் 'டெம்ப்' பொதுவாக வட்டில்தான் இருக்கும்.

ஏன் ரேமில் வைக்க வேண்டும்?

ரேம் எஸ்எஸ்டியை விட வேகமானது. தற்காலிக ஃபைல்களைத் திரும்பத் திரும்ப எழுதி அழிப்பதால் எஸ்எஸ்டி தேய்வதும் குறையும். கணினியை மீண்டும் தொடங்கினால் குப்பை தானாகவே போய்விடும்.

சிக்கல் எங்கே?

மின்சாரம் போனால் ரேமில் உள்ளதும் போகும். 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவே மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது நினைவிருக்கிறதா? நீங்கள் பிறக்கவில்லை என்றால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்.

இடமும் குறைவுதான். டிஎம்பிஎஃப்எஸ் வழக்கமாக ரேமில் பாதி வரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேம் என்றால் 4 ஜிபி. பெரிய வீடியோக்களைப் போட்டால் அது நிரம்பிவிடும், மற்ற செயலிகளும் திணறும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

டெர்மினலில் 'டிஎஃப்' கட்டளையோடு 'டெம்ப்' கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். பதிலின் முதல் பத்தியில் டிஎம்பிஎஃப்எஸ் என்று வந்தால் அது ரேம்.

எதை எங்கே வைக்கலாம்?

ஸிப் பிரித்த ஃபைல்கள், மறுபடி டவுன்லோட் செய்யக்கூடியவை எல்லாம் 'டெம்ப்' கோப்புறைக்குப் போகலாம். மீண்டும் தொடங்கிய பிறகும் கொஞ்ச நாள் வேண்டும் என்றால் 'வார்' கோப்புறைக்குள் இருக்கும் இன்னொரு 'டெம்ப்' உதவும். அசைன்மென்ட், பேட்டி ஒலிப்பதிவு, குடும்பப் படங்கள் ஆகியவற்றை உங்கள் சொந்தக் கோப்புறையிலேயே வையுங்கள்.

சேவ் செய்யும் முன் ஒரே கேள்வி: இது போனால் மறுபடி செய்ய முடியுமா? முடியாது என்றால் 'டெம்ப்' வேண்டாம்.