பதவியைத் துறந்து ஏடு நடத்தியவர்

தஞ்சைத் தரணியில் உத்தியோகம் என்னும் சொல்லுக்கு என்றுமே தனி மதிப்பு உண்டு. காவிரியில் தண்ணீர் காலத்தில் வருமா, வந்த தண்ணீர் கடைமடை வரை எட்டுமா என்று ஆண்டுதோறும் வானத்தைப் பார்த்திருக்கும் மக்களுக்கு, மாதந் தவறாமல் கைக்கு வரும் சம்பளம் ஒரு பெரும் பாக்கியமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அரைக்காசு என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்ற பழமொழி இம்மண்ணில் வெறும் வாய்ப்பேச்சன்று.

நம்மவர்கள் பெரும்பாலும் அவ்வழியில் சென்றவர்கள் அல்லர். கூத்தாநல்லூர், இராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கடை வைத்தவர்களே மிகுதி. ஆங்கிலங் கற்று அரசாங்கப் பதவி பெற்ற முஸ்லிம்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அத்தகைய ஒருவர், கிடைத்தற்கரிய அப்பதவியைத் தாமே உதறிவிட்டு, சொந்த ஏடும் நூல் வெளியீடுமாகத் தொழில் தொடங்கிய வரலாற்றை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அவரே மர்ஹூம் பா. தாவூத்ஷா.

1885-ஆம் ஆண்டு கும்பகோணம் வட்டாரத்துக் கீழ்மாந்தூரில் அன்னார் பிறந்தார். கும்பகோணத்தில் பயின்றபோது கணித மேதை இராமானுஜன் அவருடைய பள்ளித் தோழர். அந்த இராமானுஜனும் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக அமர்ந்தவரே என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காலத்து இளைஞர்களுக்கு உத்தியோகம் எவ்வளவு பெரிதாய் இருந்தது என்பது விளங்கும். தாவூத்ஷாவோ சென்னையில் பட்டம் பெற்று, சப் மாஜிஸ்திரேட் பதவி வரை உயர்ந்தார். ஊரார் எழுந்து நின்று மரியாதை செய்யும் பதவி அது. முதுமையில் ஓய்வூதியமும் உறுதி.

1920-இல் கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் ஒன்றாய்க் கிளர்ந்தெழுந்தன. ஆங்கில ஆட்சிக்கு ஊழியம் புரிதல் கூடாது என்று ஆலிம் பெருமக்களே ஃபத்வா வழங்கினர். 1921-இல் தாவூத்ஷா தம் பதவியை விட்டார். 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா நிகழ்ச்சிக்குப் பின் ஒத்துழையாமை நிறுத்தப்பட்டதும், தொழிலைத் துறந்த வக்கீல்களில் பலர் மீண்டும் நீதிமன்றப் படியேறினர். அவர்களைக் குறைகூற நாம் துணியோம். வீட்டில் உலை எரிய வேண்டுமே! ஆனால் தாவூத்ஷா திரும்பவில்லை.

நீதிபதிப் பதவியை மறுத்தவர் என்றதும் நமக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நினைவு எழுகின்றது. கலீஃபா மன்சூர் வற்புறுத்தியும் இமாம் காழிப் பதவியை ஏற்கவில்லை. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. கூஃபா நகரில் இமாமவர்களுக்குத் துணி வாணிபம் இருந்தது. கடை கையிலிருக்கப் பதவியை மறுப்பது ஒன்று. பதவியை விட்டபின் கடையைத் தேடுவது மற்றொன்று. தாவூத்ஷாவின் நிலை இரண்டாவது.

இங்கிலாந்தில் வோக்கிங் நகரப் பள்ளிவாசலைச் சார்ந்து ‘இஸ்லாமிக் ரெவ்யூ’ என்னும் ஆங்கிலத் திங்களிதழ் 1913 முதல் வெளிவந்தது. அங்குச் சென்று அவ்விதழ்ப் பணியில் சில காலம் ஈடுபட்டார். ஏட்டுத் தொழிலின் நெளிவு சுளிவுகளை அங்கே கண்டிருப்பார் என்பது நம் கருத்து. 1923-இல் ‘தாருல் இஸ்லாம்’ தோன்றிற்று.

தமிழ் ஏடு நடத்துவது எத்தகைய வாணிபம் என்பதை நம் வாசகர்களிற் சிலரே அறிவர். அச்செழுத்துக்கும் காகிதத்துக்கும் முன்பணம் வேண்டும். சந்தாவோ பின்னர்தான் வரும். ‘வி.பி.பி. அனுப்புக’ என்று எழுதியவரே தபால்காரர் வந்து நிற்கும்போது ‘வேண்டா’ எனத் திருப்பிவிடுவார்; அஞ்சற் செலவு நடத்துபவர் தலையில் விழும். மார்க்கக் கட்டுரை மட்டும் அச்சகக் கூலியைக் கொடுத்துவிடாது. ஆகவே தாவூத்ஷா நாவல்களும் எழுதினார். அரபுக் கதைகளைத் தமிழாக்கினார். நூல்களை வெளியிட்டு விற்றார். ‘ரஞ்சித மஞ்சரி’ என்னும் மற்றோர் இதழும் கண்டார். குர்ஆன் விளக்கம் எழுதிய கையால் நாவலா என்று முகஞ் சுளித்தோர் உண்டு. கணக்குப் புத்தகத்தைக் கண்டிருந்தால் அவர்கள் முகஞ் சுளித்திருக்கமாட்டார்கள்.

ஏட்டின் தமிழ்நடையை மட்டும் அவர் தாழவிடவில்லை. பிழை மலிந்த அச்சே வழக்கமாயிருந்த காலத்தில் ‘தாருல் இஸ்லாம்’ பிழையற்ற நல்ல தமிழுக்குப் பெயர் பெற்றது. முஸ்லிம் அல்லாதாரும் அதை விரும்பிப் படித்தனர்.

சம்பளக்காரருக்கு மேலதிகாரி ஒருவர். ஏட்டாசிரியருக்கோ சந்தாதாரர் ஒவ்வொருவரும் அதிகாரியே. தாவூத்ஷா அவர்களையும் அஞ்சினாரல்லர். சமுதாயப் பழக்க வழக்கங்களை அவர் தாக்கியெழுதியபோது உலமாக்கள் பலர் வெகுண்டெழுந்தனர். அவரை எதிர்க்கவே ஏடுகளும் கிளம்பின. மதரஸாவில் ஓதிய நாமும் அவருடைய கொள்கைகள் சிலவற்றை, குறிப்பாக வோக்கிங் தொடர்பால் வந்தவற்றை, ஏற்கவியலாதவர்களே. இதை மறைப்பது முறையன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பதவியை விடு என்றவர்களும் ஆலிம்கள், அவர் ஏட்டைத் தொடாதே என்றவர்களும் ஆலிம்கள். இவ்விரு குரல்களுக்கிடையில்தான் அவர் மாதந்தோறும் அச்சுக்கூலி கொடுத்து வந்தார்.

கடல் கடந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் ‘தாருல் இஸ்லா’முக்குப் பெருந்துணை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. கப்பல் நின்றது, தபால் நின்றது. காகிதத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. தஞ்சை மாவட்டத்து வீடுகள் பலவற்றில் அப்பாவோ அண்ணனோ இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியாத காலம் அது. சந்தாவைப் பற்றி யாரிடம் கேட்பது?

அரசுப் பணியிலேயே இருந்திருந்தால் ஐம்பத்தைந்து வயது நிறைந்து 1940-இல் ஓய்வு பெற்றிருப்பார். அந்த நாற்பதுகளில் அவர் முஸ்லிம் லீகின் பிரசார மேடைகளில் நின்றுகொண்டிருந்தார். இதழ் சிலபோது வாரமாகவும், நாளேடாகவுங்கூட உருமாறி, முப்பதாண்டுகளுக்கு மேல் நடந்து, ஐம்பதுகளில் நின்றது. அதன் பின்னும் பேனாவைக் கீழே வைக்காமல் திருக்குர்ஆன் விரிவுரையில் ஈடுபட்டிருந்தார். 1969 பிப்ரவரி 24-ஆம் நாள் அவர் மறைந்தபோது, எண்பத்து நான்கு வயது நிறைய ஏறத்தாழ ஒரு மாதமே இருந்தது.