இலங்கைக் குடிசன மதிப்பீடுகளில் தமிழர் தொகை: 1871 முதல் 2012 வரையான எண்களை ஒப்பிடும் சிக்கல்

இலங்கைக் குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளை அடுக்கி வைத்து, ‘இலங்கைத் தமிழர்’ என்ற தலைப்பின் கீழுள்ள விழுக்காட்டை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் 1981-இல் 12.7, 2001-இல் 4.3, 2012-இல் 11.1 என்று வரிசை அமையும். ஓர் இனம் இருபது ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகக் குறுகி, அடுத்த பதினோரு ஆண்டில் பழைய நிலைக்கு ஏறக்குறையத் திரும்பிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. 2001-இல் உள்நாட்டுப் போர் காரணமாக 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழும் முழுமையாக எண்ணப்படவில்லை. இலங்கைத் தமிழர் மிக அதிகமாக வாழும் நிலம் விடுபட்ட பிறகு கிடைத்த எண்தான் 4.3. இருந்தும் அந்த எண் அடிக்குறிப்பு ஏதுமின்றி மேற்கோளாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

இந்தப் பிழையைத் திருத்துவது எளிது. 1981-ஆம் ஆண்டு எண்ணிலிருந்தும் அதே நிலப்பரப்பை நீக்கிவிட்டால், எஞ்சிய பகுதியில் இலங்கைத் தமிழர் அன்று சுமார் நான்கரை விழுக்காடு. நான்கரையிலிருந்து 4.3-க்கு வந்தது சிறு மாற்றமே. பரப்பை ஒன்றாக்கினால் தீரும் சிக்கல் இது. தலைப்பு ஒன்றாகவே இருந்து, அதற்குள் வரும் மக்கள் மாறிப்போவதுதான் கடினமான சிக்கல். இக்கட்டுரை அதைப் பற்றியது.

தீவு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது. மொத்தத் தொகை சுமார் 24 லட்சம். அப்போது எழுபதுக்கும் மேற்பட்ட ‘தேசத்தார்’ பட்டியலிடப்பட்டனர். 1881-இல் அந்தக் கூட்டம் ஏழு இனங்களாகச் சுருக்கப்பட்டது. தமிழர் அதில் ஒரே தலைப்பு. யாழ்ப்பாணத்து விவசாயியும், மட்டக்களப்பு மீனவரும், அந்த ஆண்டுதான் கோப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தொழிலாளியும் அதற்குள் அடங்கினர். பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பேற்று நடத்திய 1901 மதிப்பீடு சிங்களவரைக் கரையோரத்தார், கண்டியர் என்று இரண்டாகப் பிரித்தது, தமிழரைப் பிரிக்கவில்லை. அவ்வாண்டுத் தமிழர் பங்கு 26.7 விழுக்காடு.

பிரிவினை வந்தது 1911-இல். டென்ஹாம் மேற்பார்வையிட்ட அந்த மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர் 5,28,024 பேர், இந்தியத் தமிழர் 5,30,983 பேர். ஏறத்தாழச் சரிபாதி. ஆகவே 1901-இன் 26.7-ஐயும் 1911-இன் 12.9-ஐயும் ஒரே கோட்டில் வைப்பவர் ஒரு பேரழிவைக் கற்பனை செய்துவிடுவார். 1911-க்கு முந்தைய எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் தோட்டத் தொகை, பிறந்த இடம் ஆகிய அட்டவணைகளைத் துணைகொள்ளலாம். ஆனால் கொழும்புத் துறைமுகத்திலும் நகரத் துப்புரவுப் பணியிலும் இருந்த இந்தியத் தமிழர் தோட்டக் கணக்கில் அகப்படமாட்டார்கள். தோட்டத்திலேயே பிறந்த பிள்ளைகள் பிறந்த இடக் கணக்கில் அகப்படமாட்டார்கள். கிடைப்பது ஒரு கீழெல்லையும் மேலெல்லையும்தான். அந்த இடைவெளியை மறைத்து ஒற்றை எண்ணாக எழுதுவது ஆய்வு நேர்மை ஆகாது.

பிரித்த பிறகும் கோடு உறுதியாக நிற்கவில்லை. 1911-க்கும் 1921-க்கும் இடையே தீவின் மக்கள்தொகை ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. இலங்கைத் தமிழர் எண்ணோ 5,17,324-ஆகக் குறைந்தது. இந்தியத் தமிழர் 6,02,735-ஆக உயர்ந்தனர். 1918-இன் விஷக்காய்ச்சலும் யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கு வேலை தேடிப் போனதும் இந்தக் குறைவில் பங்கு பெற்றிருக்கலாம். அவை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. புதிதாகப் போட்ட கோட்டை இரண்டு மதிப்பீடுகளின் கணக்கெடுப்பாளர்களும் ஒரே இடத்தில் போட்டார்கள் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. 1931-க்கும் 1946-க்கும் இடையே இந்தியத் தமிழர் 8.18 லட்சத்திலிருந்து 7.81 லட்சத்துக்கு இறங்கியது வேறு வகை மாற்றம். 1939-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது; ஆட்கள் வருவது நின்றது. இது மெய்யான இயக்கம், வகைப்பாட்டின் விளைவு அல்ல. ஒப்பிடத்தக்க தொடரை அமைப்பவரின் முதல் வேலையே இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான்.

அந்த வேலை மிகக் கடினமாவது 1971-க்கும் 1981-க்கும் நடுவே. 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என்று. 1974-இல் அந்த மிச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1970-களில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்கள் ஏராளம்.

இப்போது எண்களைப் பார்ப்போம். 1971-இல் இலங்கைத் தமிழர் 14.24 லட்சம், இந்தியத் தமிழர் 11.75 லட்சம். 1981-இல் முறையே 18.87 லட்சம், 8.19 லட்சம். முதல் குழு பத்தாண்டில் 32 விழுக்காட்டுக்கு மேல் பெருகியது. இரண்டாவது குழு 30 விழுக்காடு சுருங்கியது. தீவின் மொத்த வளர்ச்சி 17 விழுக்காடு. இலங்கைத் தமிழரும் அதே வேகத்தில் வளர்ந்தனர் என்று கொண்டால் 1981-இல் 16.66 லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். கணக்கில் வந்தவர்கள் அதைவிட 2.2 லட்சம் அதிகம். இந்தியத் தமிழர் அதே வேகத்தில் வளர்ந்திருந்தால் 13.75 லட்சம், கணக்கில் வந்தவர்கள் அதைவிட ஏறத்தாழ 5.56 லட்சம் குறைவு. இந்தப் பற்றாக்குறையிலிருந்து 2.2 லட்சத்தைக் கழித்தால் எஞ்சும் சுமார் 3.35 லட்சம் நாடு திரும்பியவர்களுக்கும் பிறப்பு இறப்பு வேறுபாட்டுக்கும் உரியது. தோட்டப்புறத்தில் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்ததால் ஒரே வளர்ச்சி வேகம் என்ற அனுமானம் தோராயமானது. அப்படியிருந்தும், இரண்டு லட்சம் பேர் அளவில் ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தார்கள் என்ற முடிவைத் தவிர்க்க முடியவில்லை.

ஏன் நகர்ந்தார்கள் என்பது புள்ளியியலோடு முடியும் கேள்வி அல்ல. குடியுரிமை கிடைத்தவர் தம்மை இலங்கைத் தமிழர் என்று சொல்வதில் எந்தப் பொய்யும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் இருந்தால், வேலை கேட்கும் இடத்திலும் பொலிஸ் சோதனைச் சாவடியிலும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரும்பாலும் இலங்கைத் தமிழராகவே பதிவாயினர். போரின் கடைசி ஆண்டுகளில் உயிரிழந்தவர்களிலும் இவர்கள் கணிசம். எந்த அட்டவணையும் அவர்களைத் தனியே காட்டாது.

1991-இல் மதிப்பீடே நடக்கவில்லை. 2001-இல் 18 மாவட்டங்களில் மட்டும் இந்தியத் தமிழர் 8.55 லட்சம். 2012-இல் 25 மாவட்டங்களையும் எண்ணியபோது 8.40 லட்சம். கூடுதல் நிலத்தை எண்ணியும் தொகை குறைந்திருக்கிறது. 1981-இலிருந்து கணக்கிட்டால் 31 ஆண்டுகளில் இரண்டரை விழுக்காடு வளர்ச்சி. தீவின் வளர்ச்சி 37 விழுக்காடு. இராமேசுவரம் கப்பல் 1984-இலேயே நின்றுவிட்டது, ஆகவே தாயகம் திரும்பியதை மட்டும் காரணம் காட்ட இயலாது. தலைப்பு மாற்றம் தொடர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

தமிழர் மட்டும் அல்ல. கரையோர, கண்டிச் சிங்களவர் பிரிவு 1971 வரை நீடித்து 1981-இல் கைவிடப்பட்டது. இலங்கைச் செட்டிகளும் பரதரும் 2001-இலும் 2012-இலும் தனித் தலைப்பில் வந்தனர். மாவட்ட எல்லைகளும் நகர்ந்தன: அம்பாறை 1961-இல் மட்டக்களப்பிலிருந்தும், கிளிநொச்சி 1984-இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிரிந்தன. பிரிந்த மாவட்டங்களை மீண்டும் சேர்த்துப் பழைய எல்லைக்குள் எண்ணினால் இந்த எல்லைச் சிக்கல் தீரும்.

வேறு நாடுகள் தலைப்பு மாற்றத்தைக் கையாண்ட வழி இங்கே கவனிக்கத்தக்கது. அமெரிக்கா 2000-இல் முதல்முறையாக ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க அனுமதித்தது. பழைய எண்ணோடு இணைக்க, ஒரே நபரிடம் இரு விதமாகவும் கேட்ட சுகாதார ஆய்வின் விடைகளைப் பயன்படுத்தி மாற்று விகிதங்களை வகுத்தார்கள். இங்கிலாந்தில் ஒரே நபரின் அடுத்தடுத்த மதிப்பீட்டு விடைகளை இணைத்துப் பார்க்கும் மாதிரித் தொடர் 1971-இலிருந்து இருக்கிறது. இலங்கையில் இந்த இரண்டு வகைப் பாலங்களும் இல்லை. அதனால் 1971-க்குப் பிந்திய இரு தமிழ்த் தலைப்புகளின் எண்களைத் தனித்தனியே நீண்ட கால வரைபடத்தில் இடுவது தவறு என்பது என் துணிபு. இரண்டையும் கூட்டிய தொகையே ஒப்பிடத்தக்கது: 1911-இல் 25.8 விழுக்காடு, 1946-இல் 22.7, 1971-இல் 20.5, 1981-இல் 18.2, 2012-இல் 15.3. இந்த இறக்கம் மெய்யானது. நாடு கடத்தலும் போரும் புலம்பெயர்வும் அதற்குள் இருக்கின்றன.

கூட்டுத்தொகை ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியது. அதைக் காட்டி, ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவாகும் மலையகத் தமிழரின் தனி இருப்பையோ, காணி, வீடு, சம்பளம் பற்றிய அவர்களின் தனிக் கோரிக்கைகளையோ கரைத்துவிடக் கூடாது. 2012-க்குப் பிந்திய மதிப்பீடு 2024 டிசம்பரில் எடுக்கப்பட்டிருக்கிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் அதன் இனவாரி அட்டவணைகளைப் பிறந்த மாவட்டம், வசிக்கும் மாவட்டம், தோட்டப்புறம் ஆகியவற்றோடு குறுக்கு வகைப்படுத்தி வெளியிட வேண்டும். 1981, 2001, 2012 ஆண்டுகளின் பதிவுகளிலிருந்தும் அதே அட்டவணைகளை, பெயர் விவரங்களை நீக்கி, ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும். அதுவரை 2001-ஆம் ஆண்டு எண்ணை எடுத்தாளும் எவரும் ‘18 மாவட்டங்கள் மட்டும்’ என்ற குறிப்பை அதனோடு சேர்த்தே எழுத வேண்டும்.