சென்று காணும் கடமை: இங்கிலாந்து உள்ளாட்சி மன்றங்களும் காப்பற்ற சிறாரும்

1. முன்னுரை

உள்ளாட்சி வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் வரி, சாலை, குடிநீர், துப்புரவு ஆகியவற்றையே நோக்குவர். அவற்றின் கணக்கு ஏடுகளிற் கிடைக்கும். அளந்து காணவும் இயலும். பெற்றோரின் பேணுதல் பெறாத சிறாரையும், உடற்குறையோ உளக்குறையோ உடைய சிறாரையும் ஒரு மன்றம் எங்ஙனம் கண்காணித்தது என்னும் வினாவிற்கோ விடை காண்டல் எளிதன்று. சாலை பழுதுற்றால் அவ்வழிச் செல்வோர் அனைவரும் முறையிடுவர். தொலைவிலுள்ள இல்லமொன்றில் வாய்பேச இயலாத சிறுமி துன்புற்றால் அவள் பொருட்டு முறையிடுவார் யாவர்?

இவ்வினாவை முன்னிறுத்தி, 1870 முதல் 2022 வரை இங்கிலாந்து நாட்டில் உள்ளாட்சி மன்றங்கள் ஆற்றிய கண்காணிப்பின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வேல்சு நாடும் இச்சட்டங்களுள் பெரும்பாலானவற்றிற்கு உட்பட்டிருந்தமையின், ஆங்கு நிகழ்ந்தனவும் வேண்டுமிடத்துச் சுட்டப்பெறும். சட்டங்கள் பெருகியும் கண்காணிப்பு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தளர்ந்தது. குழவியை அனுப்பும் மன்றம் ஓரிடத்தும், குழவி வாழும் இல்லம் பிறிதோரிடத்தும் இருக்க, இரண்டிற்கும் இடையே அறிக்கைத்தாள் மட்டும் சென்றுவந்த இடமே அது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பதிவேடு தோன்றிய வரலாறு

கூலி பெற்றுக் கைக்குழந்தைகளை வளர்ப்பதாக ஏற்றுப் பின் அவற்றை மடியவிட்ட குற்றத்திற்காக மார்கரெட் வாட்டர்சு என்பாள் 1870ஆம் ஆண்டு இலண்டனில் தூக்கிலிடப்பட்டாள். அவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியின் விளைவாகவே 1872ஆம் ஆண்டில் குழவியர் உயிர்க்காப்புச் சட்டம் பிறந்தது. ஓராண்டு நிரம்பாத குழந்தைகளை ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையில், 24 மணி நேரத்திற்கு மேல் கூலிக்கு வளர்ப்போர் உள்ளாட்சி அமைப்பிடம் தம் வீட்டைப் பதிவு செய்தல் வேண்டும் என அது விதித்தது.

இச்சட்டத்தின் குறை அதன் சொற்களிலேயே அமைந்து கிடந்தது. ஒரே குழந்தையை ஏற்பவர் பதிவு செய்ய வேண்டுவதில்லை. எனவே, ஒன்று மடிந்தபின் மற்றொன்றை ஏற்பவர் சட்டத்திற்கு அகப்படார். 1897ஆம் ஆண்டுச் சட்டம் வயது வரம்பினை 5 ஆக உயர்த்தியது. ஒரு குழந்தைக்குரிய விலக்கு 1908ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தாலேயே நீக்கப்பெற்றது. ஒரு சிறு விலக்கினைக் களைய 36 ஆண்டுகள் ஆயின என்பது ஆய்வோர் உளங்கொள்ளத்தக்கது.

3. இரு குழுக்களுக்கிடையே ஒரு சிறுவன்

குறைபாடுடைய சிறாரின் வரலாறு வேறொரு வழியாக வந்தது. கண் பார்வை இழந்தோர்க்கும் செவிப்புலன் இழந்தோர்க்கும் கல்வி அளித்தல் பள்ளி ஆட்சியினரின் கடமை என 1893ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டம் உளக்குறையும் உடற்குறையும் காக்கை வலிப்பும் உடைய சிறார்க்கு வகுப்புகள் அமைக்கலாம் என்றது. அமைத்தே தீரல் வேண்டும் என்று கூறிற்றில்லை. உளக்குறையுடையோரைப் பொறுத்தவரை இந்த ‘அமைக்கலாம்’ 1914ஆம் ஆண்டில் ‘அமைத்தல் வேண்டும்’ என மாறியது.

இதற்கிடையே 1913ஆம் ஆண்டு உளக்குறையினர் சட்டம் தோன்றியது. கல்வி கற்க இயலாதவர் என்று கல்விக் குழு கருதிய சிறாரின் பெயர்களை அம்மன்றத்தின் உளக்குறையினர் குழுவிற்கு அறிவித்தல் வேண்டும் என்பது விதி. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இப்பிரிவினையை நீக்கவில்லை. அதன்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகள் குறைபாடுடைய மாணாக்கரை 11 வகையினராகப் பிரித்தன. அவ்வகைகளுள் அடங்காது, பள்ளிக் கல்விக்குத் தகாதவர் என முத்திரை பெற்றோர் கல்விக் குழுவின் பார்வையினின்றே மறைந்தனர். ஒரே மன்றத்தின் ஒரு குழுவினர் ஏட்டிலிருந்து மற்றொரு குழுவினர் ஏட்டிற்குச் சிறுவன் மாற்றப்பட்டான். இந்நிலை 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1971 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வரும் வரை நீடித்தது. எச்சிறாரும் கல்விக்குப் புறம்பானவர் அல்லர் என்னும் கொள்கை அன்றுதான் இங்கிலாந்தில் சட்ட நடைமுறையாயிற்று.

4. டெனிசு ஓ'நீல்

நியூபோர்ட்டு நகர மன்றத்தின் பொறுப்பில் இருந்தவன் டெனிசு ஓ'நீல். 1944ஆம் ஆண்டு அம்மன்றம் அவனைச் சிராப்சையர் மாவட்டத்தில் மின்சுடர்லி என்னும் ஊரையடுத்த பண்ணைக் குடும்பம் ஒன்றில் வளர்ப்புப் பிள்ளையாக விட்டது. 1945 சனவரி 9ஆம் நாள், தன் 12ஆம் வயதில், அவன் அடியாலும் புறக்கணிப்பாலும் உயிர் நீத்தான். வளர்ப்புத் தந்தை கொலையாகா உயிர்க்கொலைக் குற்றத்திற்காக 6 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான்.

அரசு ஆணைப்படி சர் வால்டர் மாங்டன் இதனை விசாரித்து அவ்வாண்டே அறிக்கை அளித்தார். அவ்வறிக்கையால் தெளிவுறும் செய்திகளுள் இரண்டு ஈண்டு இன்றியமையாதன. ஒன்று, அனுப்பிய மன்றத்திற்கும் வாழிடத்து மன்றத்திற்கும் இடையே சிறுவனை யார் மேற்பார்ப்பது என்பதில் குழப்பம் நிலவியது. மற்றொன்று, 1944 திசம்பரில் நியூபோர்ட்டு மன்றத்தின் எழுத்தர் ஒருவர் பண்ணைக்கு நேரிற் சென்று கண்டு, சிறுவரை அங்கிருந்து அகற்றல் வேண்டும் எனத் தெரிவித்தார். அது நிறைவேறுமுன் சிறுவன் மாண்டான்.

இதனின்று யாம் பெறும் முடிபு யாது? சென்று கண்டவர்க்கு உண்மை விளங்கியது. ஆயின் கண்டவர்க்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையோர் சென்று கண்டாரில்லை. காட்சியும் அதிகாரமும் ஒருவரிடத்தே கூடாமையே அவ்விறப்பிற்கு வழி விட்டது என்க.

5. கர்ட்டிசு குழுவும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும்

டெனிசின் இறப்பிற்கு முன்னரே இக்குறைகள் பேசப்பட்டன. ஆலன் பெருமாட்டி 1944 சூலையில் இலண்டன் டைம்சு இதழுக்கு எழுதிய மடல் விடுதிச் சிறாரின் நிலையைப் பொதுமக்கள்முன் வைத்தது. 1945இல் மைரா கர்ட்டிசு அம்மையார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1946இல் அறிக்கை வெளியிட்டது.

இக்குழுவினர் அலுவலகத்தில் அமர்ந்து ஏடுகளை மட்டும் ஆராய்ந்தாரல்லர். 400க்கு மேற்பட்ட நிலையங்களுக்கு நேரிற் சென்றனர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்றைச் சுட்டுதல் சாலும். ஏழையர் விடுதி ஒன்றில், கை கால்களைப் பயன்படுத்த இயலாத 8 வயதுச் சிறுமி, பகலின் பெரும்பகுதியும் மலங்கழிக்கும் நாற்காலியிலேயே அமர்த்தப்பட்டிருந்தாள். அதுவே அவளுக்கு மகிழ்ச்சி எனச் செவிலி விடை கூறினார். அவ்விடுதிக்கும் மேலாட்சி செய்யும் குழு ஒன்று இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சிறாரைப் பற்றிய பொறுப்பு உள்துறை, நலத்துறை, கல்வித்துறை, ஓய்வூதியத் துறை முதலிய பலவற்றிடைச் சிதறிக் கிடந்ததை அக்குழு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு மன்றத்திலும் தனிச் சிறார் குழுவும், சிறாரை நேரில் அறிந்த சிறார் அலுவலர் ஒருவரும் வேண்டும் என்பது அதன் தலையாய பரிந்துரை. 1948ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இதனை ஏற்றது. மன்றம் தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரின் நலனையும் வளர்த்து, அவர்தம் பண்பும் ஆற்றலும் மலர வாய்ப்பளித்தல் வேண்டும் எனவும் விதித்தது. உயிரைக் காத்தல் மட்டுமே கடமை என்றிருந்த நிலை இதனால் மாறியது.

6. ஒரே நாளில் திறந்த கதவும் மூடிய கதவும்

1948 சூலை 5ஆம் நாள் வறியோர் சட்டத்தின் ஆட்சி முடிவுற்றது. சிறார் குழுக்களின் காலம் தொடங்கியது. அதே நாளில் நாட்டு மருத்துவப் பணியும் தொடங்கியது. அதுகாறும் மன்றங்களின்கீழ் இருந்த உளக்குறையினர் நிலையங்கள் மண்டல மருத்துவமனைக் கழகங்களுக்கு மாறின. மருத்துவ நோக்கில் இது நன்மையே எனினும், ஆங்கு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த சிறார் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தாரின் பார்வையினின்று நீங்கினர். பெற்றோர் இல்லாச் சிறுவனுக்குச் சிறார் அலுவலர் கிடைத்த அந்நாளிலேயே, மருத்துவமனையில் வாழ்ந்த குறைபாடுடைய சிறுவன் அவரை இழந்தான்.

இதன் விளைவை 1960களின் இறுதியில் நாடு கண்டது. கார்டிபு நகரின் ஈலி மருத்துவமனையில் நோயாளிகள் கொடுமைக்கு உள்ளாயினர் என்பதை 1969ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. 1971இல் மோரீன் ஆசுவின் என்பார், நிலையங்களில் வாழும் குறைபாடுடைய சிறாரின் வார இறுதி நாட்களைப் பற்றித் தாம் செய்த ஆய்வை நூலாக வெளியிட்டார். அவர் தேர்ந்த காலமே ஆய்வின் திறத்தைக் காட்டும். பள்ளியும் அலுவலகமும் விடுமுறையில் இருக்கும் பொழுதில்தான் நிலையத்தின் மெய்ந்நிலை புலப்படும் அன்றோ?

1948இல் மூடிய கதவினை 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் ஓரளவு திறந்தது. குறைபாடுடைய சிறார் அனைவரும் ‘தேவையுடைய சிறார்’ என்னும் வகையுள் அடங்குவர் என அது கூறியது. தொடர்ந்து 3 மாதங்கள் ஒரு சிறுவனை வைத்திருக்கும் மருத்துவ அமைப்பு அதனை உள்ளாட்சி மன்றத்திற்கு அறிவித்தல் வேண்டும் எனவும் விதித்தது.

7. பெருந்துறைகளும் பிளவுண்ட பொறுப்பும்

சீபோம் குழுவின் 1968ஆம் ஆண்டுப் பரிந்துரையைப் பின்பற்றி 1970ஆம் ஆண்டுச் சட்டம் தோன்ற, 1971இல் சிறார் துறைகள் மறைந்து பெரிய சமூகப் பணித் துறைகள் எழுந்தன. குடும்பத்தை முழுமையாக நோக்குதல் என்னும் அதன் நோக்கம் சிறந்ததே. எனினும், துறை பெருகப் பெருக, சிறாரைப் பெயர் சொல்லி அறிந்த தலைமை அலுவலர் அரியரானார்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் 8 வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பி இலண்டனில் கொடுமையால் இறந்தாள். இலாமிங் பிரபுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நான்கு மன்றங்களின் சமூகப் பணித் துறைகளும், இரண்டு மருத்துவமனைகளும், காவற்றுறையினரும் அவளை அறிந்திருந்தனர். தலையிட்டுக் காத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது 12 கைவிடப்பட்டன. அவ்வறிக்கை 108 பரிந்துரைகளை வழங்கியது. பலர் அறிந்தும் ஒருவரும் பொறுப்பேலாமையே இங்கும் குறை. ஆதலின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மன்றமும் சிறார் பணி இயக்குநர் ஒருவரையும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருள் சிறார்க்குப் பொறுப்பாளர் ஒருவரையும் அமர்த்துமாறு பணித்தது. 1948இன் சிறார் அலுவலர் 56 ஆண்டுகட்குப் பின் வேறு பெயரில் மீண்டார் எனலாம்.

8. தொங்காசுடர் உணர்த்திய பாடம்

இவ்வளவு ஏற்பாடுகளும் அமைந்தபின் நிகழ்ந்தது யாது? தொங்காசுடர் நகரில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய மூன்று உறைவிட நிலையங்களில் குறைபாடுடைய சிறாரும் இளைஞரும் அடியும் கொடுமையும் புறக்கணிப்பும் உற்றதைச் சிறார் பாதுகாப்பு மறுஆய்வுக் குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. 2018 முதல் 2021 வரையிலான காலத்தை ஆராய்ந்த அக்குழு கணக்கிட்டவர் 108 பேர். அவர்களை அங்கு அனுப்பிய மன்றங்கள் 55. அச்சிறாருள் பலர் சொல்லால் தம் துன்பத்தை உணர்த்த இயலாதவர். நாட்டுத் தணிக்கைத் துறையோ அந்நிலையங்களுக்கு ‘நன்று’ என்னும் மதிப்பீட்டை வழங்கியிருந்தது.

இவ்விரண்டு எண்களையும் இணைத்து நோக்குதல் வேண்டும். 55 மன்றங்களுக்கு 108 பேர் எனின், ஒரு மன்றத்திற்குச் சராசரி இருவரே ஆவர். ஒவ்வொரு மன்றத்திற்கும் கிட்டியது ஒரு சிறு கீற்றே. முழு ஓவியம் எவர் கண்ணிலும் படவில்லை. தன் சிறுவனைப் பற்றிய குறை தனித்த நிகழ்ச்சியாகவே ஒவ்வொரு மன்றத்திற்கும் தோன்றியிருக்கும். திங்கள்தோறும் சார்பற்ற ஒருவர் இல்லத்தைச் சென்று காண விதி உண்டு. ஆயின் அவரை ஏற்பாடு செய்பவரும் இல்லத்தை நடத்துபவரே. நியூபோர்ட்டுக்கும் சிராப்சையருக்கும் இடையே 1945இல் திறந்து கிடந்த இடைவெளி, 2018இல் 55 மடங்காக விரிந்து கிடந்தது.

9. முடிவுரை

சட்டங்கள் பயனற்றன என்பது எம் கருத்தன்று. 1872இன் பதிவேடும் 1948இன் சிறார் அலுவலரும் 1971இன் கல்வி உரிமையும் எண்ணிறந்த சிறாரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒவ்வொரு சட்டமும் ஓர் இறப்பிற்கோ இழிநிலைக்கோ பின்னர்ப் பிறந்தது. அவ்விழிநிலையோ யாரேனும் ஒருவர் நேரிற் சென்று கண்டமையால் உலகிற்குத் தெரிந்தது. 1944இன் எழுத்தரும், கர்ட்டிசு குழுவினரும், ஆசுவினும் செய்தது அதுவே.

எனவே கண்காணிப்பு என்னும் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்ளுதல் தகும்: கண்ணால் காணித்தல். அறிக்கையைப் படித்தல் அதற்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. எம்மன்றம் ஒரு சிறுவனைத் தன் எல்லைக்கு அப்பால் அனுப்புகின்றதோ, அம்மன்றத்தின் கண்ணும் அவனுடன் செல்லல் வேண்டும். கண்டவரின் சொல்லுக்கு அன்றே செயலாகும் அதிகாரமும் வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தே சிறார் காக்கப்பெற்றனர். பிரிந்த இடத்தே கைவிடப்பெற்றனர். 150 ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.