மதகின் கீழ்க் கிடந்த கல்

காலி நகரத்திலே, கிறிப்ஸ் வீதித் திருப்பத்துக்கு அண்மையில், மதகொன்றை மூடிக் கற்பலகை ஒன்று கிடந்தது. அதன்மேல் வண்டிகள் உருண்டன. சந்தைக்குப் போவோர் நடந்தனர். மழைநீர் தன்பாட்டிற் கீழே ஓடியது. 1911ஆம் ஆண்டிலே மாகாணப் பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் அக்கல் பட்டது. நிலத்தை நோக்கிக் கிடந்த அதன் முகத்திலே எழுத்துக்கள் நிறைந்திருப்பது அப்பொழுதுதான் தெரியவந்தது.

எழுத்தும் ஒருவகையன்று, மூவகை. வலப்புறத்தே மேலிருந்து கீழாக இறங்கும் சீனம், இடப்புறத்தின் மேற்பாதியிலே தமிழ், கீழ்ப்பாதியிலே பாரசீகம். உச்சியிலே, முத்தொன்றை நடுவே வைத்து எதிரெதிராக நிற்கும் இரண்டு சீனத்து நாகங்கள். நாலேமுக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமுமான இக்கல்லிலே குறிக்கப்பட்ட காலம் 1409ஆம் ஆண்டின் தொடக்கமாகும். மதகாகக் கிடந்த நாளில் முகங்குப்புறக் கிடந்தமையாலன்றோ எழுத்துக்கள் இவ்வளவேனும் தப்பின!

சரித்திரம் என்றதும் சலிப்படைவோர் பலர். மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவதே அவர் அறிந்த சரித்திரம். அத்தகையோரை இக்கல்லின் முன் நிறுத்தி ஒரேயொரு வினாவைக் கேட்கலாம். சீன தேசத்து நான்கிங் நகரத்திலே, இலங்கைக்குக் கப்பல் புறப்படுமுன்பே, இந்தத் தமிழை எழுதியவர் யார்?

கல்லை அனுப்பியவர் மிங் வமிசத்து யுங்லோ பேரரசர். கொண்டுவந்தவர் செங் ஹோ என்னும் கடற்றளபதி. யுன்னான் மாகாணத்திலே முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்து, அரண்மனை அலியாகச் சேவை புரிந்து உயர்ந்தவர் அவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங் கப்பற்படையுடன் இந்து சமுத்திரத்தைக் கடந்தவர். முதற் பயணத்திலே அவருடன் சென்றோர் இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்டோர் எனச் சீன நூல்கள் கூறும். 1407இல் அதே பேரரசர் பிறநாட்டு ஓலைகளை மொழிபெயர்ப்பதற்கென நான்கிங்கிலே ஒரு கழகத்தையும் நிறுவினார். ஆயின் அங்கே தொடக்கத்திற் கற்பிக்கப்பட்ட மொழிகளுள் பாரசீகத்துக்கு இடமிருந்தது, தமிழுக்கு இடமிருக்கவில்லை.

அங்ஙனமாயின் தமிழ் எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பகுதி சீனத்துக் கரையிலேயே உண்டு. சுவான்சௌ என்னும் துறைமுகத்திலே தமிழ் வணிகர் சிவனுக்குக் கோயில் எடுத்திருந்தனர். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அடியிலே சீன எழுத்துடன், அங்கே கிடைத்துள்ளது. கடலோடிகளும் வணிகரும் பேசிய தமிழே பேரரசரின் கல்லிலும் ஏறியிருத்தல் வேண்டும். எழுதியவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை.

மூன்று பகுதிகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றொன்று அமைந்தவை என எண்ணுதல் இயல்பு. ஆராய்ந்தோர் கண்டது வேறு. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றி, கடலிலே கப்பல்களைக் காத்தமைக்கு நன்றி கூறுகின்றது. தமிழ்ப் பகுதியோ தெனவரை நாயனாரைப் போற்றுகின்றது. தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையிலே கோயில் கொண்டிருந்த இத்தெய்வத்தை விஷ்ணு என்று கலாநிதி பரணவிதான கொண்டார். சிவன் என்பாரும் உளர். பாரசீகப் பகுதி மிகத் தேய்ந்துபோயிற்று. எனினும் அது இசுலாத்தைப் போற்றுவது தெளிவு.

தெய்வம் மூன்றாயினும் காணிக்கைகள் பெரிதும் ஒத்தவை. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பலநிறப் பட்டுகள், விளக்குகள், தூபகலசங்கள், பொன்முலாம் பூசிய மரத்தாமரைகள், மெழுகுதிரிகள், சந்தனம். வாசனைத் தைலம் மாத்திரம் 2,500 கட்டி. இக்கால நிறையில் ஏறத்தாழ ஒன்றரைத் தொன். தன் மொழியை மட்டும் அறிந்த ஒருவன் இக்கல்லின் முன் நின்றிருந்தால், சீனத்து மகாராசர் தன் தெய்வத்துக்கே இத்துணையும் வழங்கினார் என மகிழ்ந்து போயிருப்பான். பக்கத்தில் நின்றவனும் அவ்வாறே மகிழ்ந்திருப்பான். இருவரும் வாய்திறந்து பேசியிருந்தாலன்றி உண்மை வெளிப்பட்டிராது. நாட்டு மன்னரின் மொழியாகிய சிங்களம் கல்லில் இடம்பெறாமையும் கவனித்தற்குரியது. துறைமுகங்களிலே வழங்கிய மொழிகளையே பேரரசர் தேர்ந்தார் போலும்.

தேவேந்திரமுனைக் கோயிலின் புகழ் முன்னரே கடல் கடந்திருந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பத்தூத்தா அங்கே ஆளுயரப் பொற்சிலையையும், இரவில் விளக்கெனச் சுடரும் அதன் இரத்தினக் கண்களையும், ஆயிரம் பிராமணர் முதலியோரையும் குறித்துச் சென்றார். பயணிகளின் கண்ணுக்கு எண்கள் சற்றுப் பெருகித் தோன்றுவது வழக்கமே. அவர் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்திருந்தார் என்னும் செய்தியை நோக்கினால், அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் வந்த கல்லிலே பாரசீகம் இருந்தமை புதுமையாகத் தோன்றாது.

இக்கதையிலே கசப்பும் உண்டு. காணிக்கை கொண்டுவந்த கப்பல்களிலே போர்வீரரும் இருந்தனர். அப்பயணத்தின்போதே செங் ஹோவுக்கும் அழகக்கோனார் குலத்துத் தலைவருக்கும் பகை மூண்டது. தலைவரின் படை கப்பல்களைத் தாக்கச் சென்றிருந்த வேளையிலே, செங் ஹோ இரண்டாயிரம் வீரருடன் தலைநகருட் புகுந்து அவரையும் குடும்பத்தாரையும் சிறைபிடித்தார் என்பது சீன வரலாற்றின் கூற்று. 1411இல் நான்கிங்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களைப் பேரரசர் மன்னித்து விடுவித்தார். மூன்று தெய்வங்களையும் வணங்கிய கையே வாளையும் ஏந்தியது. சீதாவாக்கை இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த காலத்திலே, போர்த்துக்கேயர் தேவேந்திரமுனைக் கோயிலையும் இடித்தழித்தனர். பொன்னும் பட்டும் போயின. அவற்றின் பட்டியல் மட்டும் எஞ்சிற்று.

அந்தப் பட்டியல் இப்பொழுது கொழும்பு தேசிய நூதனசாலையிலே, முகம் வெளியே தெரிய நிற்கின்றது. தமிழ் படிக்கக் கற்ற சிறுவன் ஒருவன் அருகே சென்று உற்றுநோக்கினால், தேய்ந்த வரிகளுக்கிடையே தான் அறிந்த எழுத்துக்கள் சிலவற்றை அடையாளங் காண்பான். அவற்றை எழுதியவர் யாரென்று உடன்வந்தோரைக் கேட்கவும் கூடும்.