கண் மரத்த கதை

தூசி பட்டாலே தானாக மூடிக்கொள்ளும் உறுப்பு கண். அதில் கத்தி வைப்பதற்கு 1884 வரை மருத்துவர்களிடம் நல்ல வழி இல்லை.

ஆளையே மயக்கும் ஈதர் 1846-லேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு குளோரோஃபார்மும் வந்தது. காலையும் கையையும் அறுத்தவர்களுக்கு அவை வரப்பிரசாதம். கண் மருத்துவர்களுக்கோ புதுத் தலைவலி. மயக்கம் தெளியும்போது நோயாளி குமட்டி வாந்தியெடுப்பார். அப்போது ஏறும் அழுத்தத்தில் அறுத்த இடம் பிளந்து, கண்ணுக்குள் இருப்பது வெளியே பிதுங்கிவிடும். கண்புரை அறுவையில் காயத்தைத் தைக்கும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. போதாக்குறைக்கு, ‘கீழே பாருங்கள்’ என்றால் பார்ப்பதற்கு நோயாளி விழித்திருக்கவும் வேண்டும். அதனால் பல இடங்களில் வலியோடேயே அறுத்தார்கள். அசையாமல் பிடித்துக்கொள்ள ஆட்கள் நின்றார்கள்.

நோயாளி விழித்திருக்க வேண்டும், கண் மட்டும் மரத்துப்போக வேண்டும். வியன்னா பொது மருத்துவமனையில் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட் சொல்லிவந்த இந்தத் தேவை, கார்ல் கோல்லர் என்ற இளம் மருத்துவரின் மனதில் தைத்தது. மார்ஃபின், குளோரல், புரோமைடு எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கரைத்து விலங்குகளின் கண்ணில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அந்த வேலையை அத்தோடு ஒதுக்கி வைத்தார்.

அதே மருத்துவமனையில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார்: சிக்மண்ட் ஃப்ராய்ட். பின்னாளில் உளப்பகுப்பாய்வால் உலகப் புகழ் பெற்ற அவர், அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது கொக்கெய்ன். அது களைப்பைப் போக்குமா, மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீட்குமா என்பதே அவர் கேள்வி. கொக்கெய்ன் பட்டால் நாக்கு மரக்கும் என்பது புதுச் செய்தியே அல்ல. கோக்கா இலையை மென்றுவந்த ஆண்டிஸ் மலைமக்களுக்கு அது தெரியும். 1860-இல் இலையிலிருந்து கொக்கெய்னைப் பிரித்தெடுத்த ஜெர்மானியர் ஆல்பர்ட் நீமனும் அதை எழுதிவைத்திருந்தார். ஃப்ராய்டும் கவனித்திருந்தார். கால் நூற்றாண்டாகப் பலருக்கும் தெரிந்த அந்த விஷயம் கண் அறுவைக்குப் பயன்படவில்லை.

1884 கோடையில் ஃப்ராய்ட், தனக்கு நிச்சயித்த பெண்ணைப் பார்க்க ஹாம்பர்க் பக்கம் போய்விட்டார். வியன்னாவில் கோல்லருடன் கொக்கெய்னைச் சுவைத்த சக மருத்துவர் ஒருவர், நாக்கு எப்படி மரத்துப்போகிறது என்று வியந்தார். சாப்பிட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று பதில் சொன்ன கோல்லருக்கு, சொன்ன மாத்திரத்தில் பொறி தட்டியது. தேடிய மருந்து சட்டைப்பையிலேயே இருக்கிறது!

நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனார். வெள்ளைத் தூளை நீரில் கரைத்து ஒரு தவளையின் கண்ணில் சொட்டினார். ஒரு நிமிடம் போயிற்று. கருவிழியைத் தொட்டாலும் தவளை அசையவில்லை. மருந்து விடாத மறுகண்ணோ லேசாகத் தீண்டியதுமே சுருங்கியது. அடுத்து முயல், நாய். கடைசியில் கோல்லரும் ஆய்வுக்கூடத்தில் உடனிருந்த கேர்ட்னர் என்பவரும் தங்கள் கண்களிலேயே மருந்தை விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டதே தெரியவில்லை.

செப்டம்பர் 15 அன்று ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர் மாநாடு. போய்வரப் பணமில்லாததால் கோல்லரின் குறிப்பை ட்ரியெஸ்தே நகர மருத்துவர் பிரெட்டாவர் வாசித்து, செய்தும் காட்டினார். அப்போது கோல்லருக்கு வயது 26. அந்த ஆண்டு முடிவதற்குள் செய்தி அமெரிக்கா வரை பரவிவிட்டது. ஆனால் கண்டுபிடித்தவருக்கு வியன்னா இடம் கொடுக்கவில்லை. யூதர் என்று இழித்துப் பேசிய சக மருத்துவருடன் 1885-இல் வாள் சண்டை வரை போனது. 1888-இல் அவர் நியூயார்க்கில் குடியேறினார்.

சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பை மரக்கச் செய்தது. விழி அசைவதை அதனால் நிறுத்த முடியவில்லை. நியூயார்க்கின் ஹெர்மன் நாப் அதே 1884-இல், விழியையே அகற்ற வேண்டிய அறுவைக்காக, விழிக்குப் பின்னால் கொக்கெய்னை ஊசியாகப் போட்டார். விழியை அசைக்கும் தசைகள் அதன் பின்னால் கூம்பாகச் சேர்கின்றன; அந்தத் தசைக்கூம்பில் மருந்து இறங்கினால் வலியும் நிற்கும், விழியும் நிற்கும். கருவிழியைக் கெடுக்கவும் உடலுக்கு நஞ்சாகவும் வல்ல கொக்கெய்ன் மெல்ல ஒதுங்கியது. 1905-இல் புரோகெய்ன் என்ற மரப்பு மருந்து புழக்கத்துக்கு வந்தது. 1943-இல் சுவீடனில் இன்னொரு மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் பிறந்தது.

ஊசி முறைக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்கரான வால்டர் அட்கின்சன். மேலே, மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொல்லி ஊசியை இறக்க வேண்டும் என்று 1936-இல் எழுதினார். உலகமே பின்பற்றியது. 1981-இல் சி.டி. படங்கள் வேறு கதை சொல்லின: அப்படிப் பார்க்கும்போது பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கு நெருங்கி வந்துவிடுகிறது! அதன்பின் நேராகப் பார்க்கச் சொன்னார்கள். 1986-இல் டேவிஸ், மாண்டல் இருவரும் தசைக்கூம்புக்கு வெளியே மருந்தைச் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். 1992-இல் பிரிட்டனின் ஸ்டீவன்ஸ், கூர் ஊசியையே தவிர்த்து, வெண்படலத்தில் சிறு திறப்பு வெட்டி மழுங்கிய குழாய் வழியாக மருந்தைச் செலுத்தும் முறையை விவரித்தார்.

இதற்கிடையே அறுவையே மாறிவிட்டது. மீயொலியால் புரையை உடைத்தெடுக்கும் முறையைச் சார்லஸ் கெல்மன் 1967-இல் கொண்டுவந்தார்; அதனால், 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த கண்புரைக் கீறல் பிற்பாடு 3 மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. கீறல் சுருங்கச் சுருங்க, விழியை முற்றிலும் நிறுத்த வேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. 1992-இல் ஃபிச்மன் வெறும் சொட்டு மருந்தோடு அறுவை செய்து காட்டினார். ஊசியிலிருந்து மீண்டும் சொட்டுக்குத் திரும்ப முடிந்தது பெரிதும் கீறல் சுருங்கியதால்தான். மருந்தைவிடக் கத்திதான் இந்தத் திருப்பத்தை நடத்தியிருக்கிறது.

அதனால், சொட்டு உயர்ந்தது, ஊசி பழையது என்று நினைக்க வேண்டாம். முற்றிப்போன புரை, நீண்டநேர அறுவை, சொன்னபடி அசையாமல் படுத்திருக்க முடியாதவர் என்றால் இன்றும் ஊசியோ குழாயோ தேவைப்படலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கண் அறுவை என்றால் மூன்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்: ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, விடாத இருமல், பல ஆண்டுகளாகப் போட்டிருக்கும் கிட்டப்பார்வைக் கண்ணாடியின் பவர். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் நீளமானது. அங்கே ஊசி விழிச்சுவரில் பட்டுவிடும் வாய்ப்பு கூடுதல். எந்த முறை என்பதை முடிவுசெய்ய இந்த விவரங்கள் மருத்துவருக்கு வேண்டும்.