நுரை வராத பாட்டில்: தொடக்கப் பள்ளி அறிவியலில் ‘செயல்’ என்பது எது?

சென்னையின் தென்புறநகரான ஊரப்பாக்கத்தில் பல வீடுகளில் மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. புழக்கத்துக்குப் போர் தண்ணீர். குடிக்கக் கேன் தண்ணீர். ஐப்பசி பிறந்துவிட்டால் மொட்டைமாடிக் குழாயிலிருந்து கொட்டும் மழைத் தண்ணீர். எது எதற்கு என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அத்துப்படி. ‘உப்புத் தண்ணி, நுரையே வரல’ என்று வீட்டில் சலித்துக்கொள்வதைக் கேட்டே அது வளர்ந்திருக்கும். ஆனால் தண்ணீர் பற்றிய பாடம் வகுப்பில் தொடங்கும்போது இந்த மூன்றும் பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

‘செயல்வழி’ என்ற சொல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாகப் புழங்குகிறது. அறிவியல் பாடத்தில் அந்தச் செயல் யாருடையது, எதன்மேல் நிகழ்வது என்று நாம் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிள்ளை முன்கூட்டியே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைப் பொருள் மறுப்பதற்கு வழி இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது அறிவியல் செயல்பாடு. மறுப்புக்கு இடமில்லாத கைவேலை எவ்வளவு கலகலப்பாக நடந்தாலும் அது மொழிப் பயிற்சியாகவோ படம் வரையும் பயிற்சியாகவோதான் முடியும்.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்கை எடுத்தார். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் கிராமியக் கல்வி மையம் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது. பிள்ளைகள் செய்தவற்றைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் வந்தது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியில் தன் படி எது என்று பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைப் பிள்ளையே எடுத்துவந்து உட்காரும். ஆசிரியரும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். வகுப்பறையில் பயம் குறைந்தது என்ற ஒன்றுக்காகவே அந்த முறையை நான் மதிக்கிறேன். ஈராசிரியர் பள்ளிகளில் அதைவிட நல்ல ஏற்பாடு கைவசம் இருந்ததாகவும் சொல்ல முடியாது.

எழுத்தும் எண்ணும் அட்டைக்குள் அடங்கும். ‘க’ என்ற எழுத்து அட்டையில் இருப்பதுதான். அதற்கு வெளியே வேறு ‘க’ கிடையாது. அறிவியலின் பொருள் அப்படி அடங்காது. இலை, கல், ஆணி, டம்ளர் ஆகிய படங்களைப் போட்டு ‘மிதப்பவற்றை வட்டமிடு’ என்று ஓர் அட்டை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவர்சில்வர் டம்ளருக்கு அங்கே ஒரே விடைதான் இருக்க முடியும். வாளித் தண்ணீரில் அந்த டம்ளரை நிமிர்த்தி மெல்ல வைத்தால் மிதக்கும். சாய்த்துத் தண்ணீர் புகவிட்டால் மூழ்கும். கமலா ஆரஞ்சு தோலோடு மிதக்கும், தோலை உரித்துப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். களிமண் உருண்டை மூழ்கும், அதே மண்ணைக் கிண்ணமாக வனைந்தால் மிதக்கும். ‘மிதப்பவை’ என்று ஒரு பட்டியலே கிடையாது என்பதுதான் இங்கே பிள்ளை கற்க வேண்டிய பாடம். அட்டை அந்தப் பட்டியலைக் கற்பித்துவிடுகிறது. கை வேலை செய்தது, விரல் பென்சிலைப் பிடித்தது, ஏணியில் ஒரு படியும் ஏறியாயிற்று. ஆனால் அறிவியல் நடக்கவில்லை.

இந்த வேறுபாடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2004-இல் எழுதிய கட்டுரையொன்றில் உடலின் சுறுசுறுப்பையும் அறிவின் சுறுசுறுப்பையும் பிரித்துக் காட்டினார். பிள்ளைகளைத் தம்போக்கில் விட்டால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையையும் அவர் ஆய்வுகளைக் கொண்டு மறுத்தார். ஆசிரியரின் வழிகாட்டல் வேண்டும் என்றார். அந்த வழிகாட்டல் எப்படி இருக்கலாம் என்பதற்கு யோஸ் எல்ஸ்ட்கீஸ்ட்டின் விடை எனக்குப் பிடித்தமானது. வின் ஹார்லன் தொகுத்து 1985-இல் வெளிவந்த தொடக்கப் பள்ளி அறிவியல் நூலில் அவர் கேள்விகளை வகை பிரிக்கிறார். ‘ஏன்?’ என்று கேட்டால் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் பொருளைப் பார்க்கும். வகுப்பறை ஊடாட்டம் என்று நாம் பேசுவது பெரும்பாலும் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையிலான பேச்சு. அதில் மூன்றாவதாகப் பொருளும் பேச வேண்டும்.

சோப்பு நுரைக்கே வருவோம். ஒரே அளவுள்ள மூன்று பாட்டில்களில் தலா 100 மில்லி: போர் தண்ணீர், கேன் தண்ணீர், மழைத் தண்ணீர். குளியல் சோப்பைச் சீவிக் கேன் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டு விட்டு, மூடி, இருபது முறை குலுக்க வேண்டும். குலுக்குவதற்கு முன் எதில் நுரை அதிகம் வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சிலேட்டில் எழுதிவிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பதுதான். பிறகு நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளப்பார்கள்.

இதை முதன்முறை செய்தபோது எனக்குப் பாடம் ஊற்றிக்கொண்டது. சோப்பு சீவ நேரமில்லை என்று ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றிவிட்டேன். மூன்று பாட்டிலிலும் பொங்கி வழிந்தது. ‘போர் தண்ணியிலயும் வருதே சார்’ என்றது ஒரு பிள்ளை. அந்த நொடியில் ‘தப்பாச் செஞ்சிட்டோம், வராது’ என்று எழுதிப்போடச் சொல்லியிருந்தால் அன்றைய வகுப்பு பொய் சொல்லியிருக்கும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாகப் படிந்துவிடுகின்றன. அவை தீரும்வரை நுரைக்குச் சோப்பு மிஞ்சாது. ஷாம்பு போன்ற செயற்கைச் சலவைப் பொருள்கள் அவ்வாறு படிவதில்லை. ஆகவே அன்று பாட்டில் சொன்னது சரி. என் பாடக்குறிப்புதான் தவறு. மறுநாள் சோப்புக் கரைசலையும் ஷாம்புவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தோம்.

அடுத்து வரும் கேள்வி இதைவிட வளமானது: போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால்? தற்காலிகக் கடினத்தன்மை இருந்தால் நுரை கூடும், நிரந்தரக் கடினத்தன்மை என்றால் கூடாது. இரண்டும் கலந்திருக்கலாம். எந்தத் தெருவின் போர் எப்படி என்று எந்த ஆசிரியர் கையேட்டிலும் அச்சிட்டிருக்காது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீரில் ஆசிரியருக்கும் முன்கூட்டி விடை தெரியாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பலருக்கு இது அச்சம் தரும் இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் பார்வையில் அறிவியல் வகுப்பு தொடங்கும் இடமும் அதுதான். ஜி.எஸ்.டி. சாலையோரப் பள்ளிகளில் ஒடியாவோ இந்தியோ வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் தமிழில் தடுமாறினாலும் நுரையின் உயரத்தை அளப்பதில் பின்தங்குவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இன்னோர் எடுத்துக்காட்டு முற்றத்தில் நட்ட ஒரு குச்சி. ‘நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்’ என்று நாமெல்லாம் படித்தோம். ஊரப்பாக்கம் ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே அந்த வாக்கியம் ஆண்டில் இரண்டே நாட்களில், ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, உண்மையாகும். அந்த நாட்களிலும் நிழல் மறைவது கடிகாரம் 12 காட்டும்போது இல்லை. பத்து நிமிடம்போலத் தள்ளித்தான். ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் டிசம்பர் 21-இல் வடக்கே சுமார் 73 செ.மீ. நீளும். ஜூன் 21-இல் தெற்கே சுமார் 19 செ.மீ. விழும். நிழல் தெற்கே விழும் என்று எந்தப் பிள்ளையும் எதிர்பார்ப்பதில்லை, பெரியவர்களும் நம்புவதில்லை. வாரம் ஒருநாள் சுண்ணாம்புக்கட்டியால் நிழல் நுனியைக் குறித்துவந்தால் போதும். செலவு ஒரு குச்சி. ஆனால் ஜூனில் தொடங்கி மார்கழி வரை யாராவது விடாமல் குறிக்க வேண்டும். மலிவான கருவி என்று நாம் கொண்டாடுவதில் கணக்கில் வராத செலவு இந்த விடாமுயற்சிதான்.

இப்போதைய ஏற்பாட்டில் இதற்கு இடம் எங்கே? 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, கொரோனாக் காலத்தில் விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் மீட்க வந்தது. அதன் அவசரம் நியாயமானது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ பரிசோதனைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது, ஆனால் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைதான். முதலில் எழுத்து, பிறகு சோதனை என்ற வரிசை இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்த வரிசை தலைகீழ் என்று நினைக்கிறேன். ‘என் பாட்டிலில் 2 செ.மீ., அவன் பாட்டிலில் 7’ என்று எழுதும் பிள்ளைக்கு எழுதவும் எண்ணவும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தேர்வுதான் பெரிய முட்டுக்கட்டை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. அங்கே பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்துத் தேர்வு எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் உண்டு. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது வேறு கதை. நம் பருவத் தேர்வில் ‘கடின நீரில் சோப்பு நுரைக்காது: சரியா, தவறா?’ என்று கேட்டால் சிலேட்டும் பாட்டிலும் தேவையில்லை, மனப்பாடம் போதும். அதற்குப் பதிலாகப் பெயர் எழுதாத இரண்டு பாட்டில்களைக் கொடுத்து, எது போர் தண்ணீர் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதச் சொல்லலாம். ‘குலுக்கினேன். நுரை வரல. இன்னும் ரெண்டு சொட்டு விட்டேன். அப்புறம் வந்துச்சு’ என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசலாம்.