கல்லோயாத் தண்ணீரில் முளைத்த பாட்டு

ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல் எங்கே பிறந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணம் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கொழும்பு வானொலி நிலையத்தைச் சொல்வார்கள். இரண்டும் இல்லை. அது பிறந்தது அம்பாறையில். பாலமுனைச் சந்தியில் பஸ் ஏறினால் மாறி ஏறிப் போனாலும் காலைத் தேநீருக்கும் பகல் சோற்றுக்கும் இடையில் போய்த் திரும்பிவிடக் கூடிய அதே அம்பாறைதான். கச்சேரிக்கும் காணிப் பிரச்சினைக்கும் மட்டுமே போய்வந்த ஊர் என்பதாலோ என்னவோ, இந்தப் பெருமைக்கு எங்கள் கரையோரத்தார் யாரும் உரிமை கொண்டாடியதில்லை.

பாடியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் விவசாயம் படிக்க வந்தவர். கையில் கிற்றார். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று தம்பிக்குப் புத்தி சொல்லும் பாட்டொன்றை ஆடவைக்கும் மெட்டில் கட்டிப் பாடினார். புத்திமதி சொல்லும் பாட்டுக்கு எழுந்து ஆடுவது தமிழனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அங்கிருந்துதான் தொடங்குகிறது எல்லாம். அவரைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள்.

ஏன் அம்பாறை? இதற்கு விடை சொல்லப் பாட்டை விட்டுத் தண்ணீருக்குப் போக வேண்டும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் ஆற்றை மறித்து அணை கட்டியது. அப்படி உண்டான சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வயல்கள் இரண்டு போகமும் விளைகின்றன. அணையோடு குடியேற்றமும் வந்தது. மேற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் சிங்களக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இருத்தப்பட்டன. காடாய்க் கிடந்த இடத்தில் நகரம் எழுந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தை வெட்டி அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். நிந்தவூரும் ஒலுவிலும் பாலமுனையும் அட்டாளைச்சேனையும் அக்கரைப்பற்றும் ஒரே இரவில் வேறு மாவட்டத்து ஊர்கள் ஆயின.

இடையில் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த அந்த ஆனி மாதம், நாட்டின் முதல் பெரிய இனக்கலவரம் நடந்தது கல்லோயாப் பள்ளத்தாக்கில்தான். இறந்தவர்கள் நூறைத் தாண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மண்ணில், பத்துப் பன்னிரண்டு வருடம் கழிந்தபோது, அதே கல்லோயாத் திட்டத்தின் பிள்ளையான ஒரு கல்லூரியில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் நடுவே ஒருவர் தமிழில் பாடுகிறார். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மொழி விளங்காமல் இருந்திருக்கலாம். தாளம் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் இந்தப் பாட்டு வந்திருக்காது என்பது என் எண்ணம். அங்கே பாட்டு என்றால் கோயில் வீதிக் கச்சேரி, இல்லையென்றால் சௌந்தரராஜனைப் போல் குரல் எடுத்தல். வீட்டை விட்டு இருநூறு மைலுக்கும் அப்பால் வந்த பிள்ளைக்குத்தான் ஊர்ப் பேச்சை அப்படியே பாட்டாக்கத் துணிவு வரும். அங்கே அடக்க யாரும் இல்லை.

மெட்டு எங்கிருந்து வந்தது? போர்த்துக்கீசர் விட்டுப்போன சொத்து அது. பைலா. அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் கபிரிஞ்ஞாவும் அவர்களுடைய சொந்த ஆட்டப் பாட்டும் கலந்து, ஆறுக்கு எட்டு என்று குதித்தோடும் தாளமாக இந்த நாட்டில் நின்றுவிட்டது. தெற்கில் பொலிஸ் உத்தியோகம் பார்த்த வொலி பஸ்தியான்ஸ் அதைச் சிங்களத்தில் மேடையேற்றிப் பெரும் பேர் எடுத்தார். கிழக்கில் அது வீட்டுச் சங்கதியாகவே இருந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில் வயலினும் கிற்றாருமாக விடிய விடிய ஓடும். தச்சு வேலைக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போன அந்தப் பறங்கித் தொழிலாளரைத் தெரியாத ஊர் இந்தக் கரையில் இல்லை. ஆகவே பைலா எங்கள் காதுக்கு அந்நியமாக வந்த சரக்கு இல்லை.

பைலாவோடு அந்த நாளில் இன்னொன்றும் சேர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோ. ஹரி பெலபொண்டேயின் இசைத்தட்டுக்கள் கொழும்புக்கு வந்தன. நொயெல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ் போன்ற குழுக்கள் அதைச் சிங்களத்துக்குக் கொண்டு வந்தன. 1966இல் அனஸ்லி மாலேவனவும் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்தார்கள். அவர்களுடைய முதல் வெற்றிப் பாட்டு மாங்காய் விற்கிற ஒரு மாமியைப் பற்றியது. சிங்களப் பொப்பும் தமிழ்ப் பொப்பும் ஆளுக்கொரு மாமியைப் பிடித்துக்கொண்டுதான் நாடு முழுக்கப் போயின என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தமிழ்ப் பக்கத்து மாமி, ‘சின்ன மாமியே’. நித்தியின் பாட்டுக்களில் கடல் கடந்தும் ஓடியது அதுதான். ஒரு பெடியன் மாமி வீட்டு வாசலில் வந்து நின்று, உங்கள் மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி பதில் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. யாழ்ப்பாணத்தார் அதைக் கேலிப் பாட்டாகக் கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது வேறு மாதிரி விழுந்தது. கிழக்கு முஸ்லிம் ஊர்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பான். அந்த வீட்டின் ஆட்சி மாமியின் கையில். வாலிபன் ஒருவனுடைய மீதி வாழ்க்கை எந்தக் கூரையின் கீழ் என்பதை முடிவு செய்கிறவளிடம் போய் மகளைப் பற்றி விசாரிப்பது இங்கே விளையாட்டுக் காரியம் இல்லை. பாலமுனை பாறூக்கின் ‘தோட்டுப்பாய் மூத்தம்மா’ குறுங்காவியத்தைப் படித்தவர்களுக்கு அந்த வீட்டு உலகம் எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை.

பாட்டின் வடிவமும் எங்களுக்குப் பழையதுதான். ஒருவர் கேட்க மற்றவர் மடக்குவது எங்கள் நாட்டார் கவியின் வேலை. வயல் காவலில் பரணில் இருந்து மச்சான் ஒரு கவி விடுவான். களை பிடுங்கும் பெண்கள் வரம்பிலிருந்து எதிர்க்கவி கொடுப்பார்கள். நான்கு அடி. அதற்குள் ஆசை, நையாண்டி, ஏச்சு, மறுப்பு எல்லாம் வந்துவிடும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் அலைந்து திரிந்து தொகுத்திராவிட்டால் அவற்றில் பெரும்பகுதி பாடியவர்களோடு மையவாடிக்குப் போயிருக்கும். நித்தி கவி கேட்டுத்தான் பாட்டுக் கட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவி கேட்டு வளர்ந்த காதுகள் அந்தப் பாட்டை உடனே எடுத்துக்கொண்டன.

மீதியை வானொலியும் அரசாங்கமும் செய்தன. 1967இல் ரேடியோ சிலோன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. 1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கம் வந்தது. அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதியை இறுக்கினார்கள். இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு. சீனிக்கு வரிசை, பாணுக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போகாமல் தடுக்க வீதியில் சாவடி. நெல் விளைகிற எங்கள் பக்கத்தார் சொந்த அரிசியைக் கொழும்பிலிருக்கிற மகனுக்குக் கொண்டு போகக் கள்ளனைப் போல ஒளித்தார்கள். அதே இறுக்கத்தில்தான் உள்ளூர்ச் சரக்குக்கு மதிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் விலைபோயின. சென்னையிலிருந்து வருவது குறைந்த இடத்தில் உள்ளூர்க் கதை, உள்ளூர்ப் படம், உள்ளூர்ப் பாட்டு எல்லாம் முளைத்தன.

பொப் பாடல் மேடைக்கு மேடை பரவிய காலம் அதுதான். ஏ. ஈ. மனோகரன், எஸ். ராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன் என்று பாடகர்கள் வந்தார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் ஒரே வாயில் புரளும் பாட்டு. சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லும் அந்தச் சேதிக்கு, தோணி கரையேறும் நேரத்தில் சிங்கள வியாபாரி லொறியோடு காத்து நிற்கும் எந்தக் கரையிலும் விளக்கவுரை தேவைப்படாது. 1977இல் இளையராஜா அதை ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் எடுத்தாண்டார். அதுவரை சென்னைப் பாட்டு இலங்கைக்கு வந்தது. இந்தப் பாட்டு எதிர்த்திசையில் போனது. மனோகரனும் பின்னால் போய், ‘சிலோன் மனோகர்’ என்ற பேரில் தமிழகத்துப் படங்களில் அடியாளாக அடி வாங்கினார்.

எங்கள் ஊர்களில் பெரியவர்களுக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலியாண வீட்டு ஒலிபெருக்கி நாகூர் ஹனீபாவோடுதான் தொடங்கும். பின்னேரமாகி, பள்ளிவாசல் மரைக்காயர் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகு, இளந்தாரிமார் தட்டை மாற்றுவார்கள். கள்ளுக் குடிக்காதே என்கிற பாட்டு என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் விலக்குக் கிடைத்தது.

அந்தப் பாட்டுக்களில் அரசியல் இல்லை என்று குறை சொல்கிற விமர்சகர்கள் உண்டு. உண்மைதான். பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வந்தது, 1972 அரசியலமைப்பு வந்தது, 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. பாட்டில் மாமியும் மீனும் கள்ளும்தான். ஆனால் நடந்ததைப் பட்டியல் போடுவது பத்திரிகையின் வேலை. அடுத்த வீட்டுக்காரன் தாளத்தை எடுத்து என் பேச்சில் பாடலாம், அவனும் ரசிப்பான் என்கிற நம்பிக்கை அந்தப் பாட்டுக்களின் எலும்பில் இருக்கிறது. 1956க்கும் 1983க்கும் நடுவில் கிடைத்த சின்ன இடைவெளியின் குணம் அது. அதற்கு முன்னும் அப்படிப் பாட முடிந்திருக்காது, பின்னும் முடியவில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்தது. கசெற் வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போன எங்கள் பிள்ளைகள் தோளில் சுமந்து வந்த பெரிய ரேப் ரெக்கோடர்களில் மறுபடி சென்னைப் பாட்டே ஓடியது. 1983 ஆடிக்குப் பிறகு கிற்றாரை எடுத்தவர்கள் குறைந்து போனார்கள். இயக்கங்களின் எழுச்சிப் பாடல்கள் மேடைகளைப் பிடித்தன. 1990இல் கிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சினார்கள். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

ஹார்டி இன்று உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமாக அதே அம்பாறையில் நடக்கிறது. பாலமுனைக்குப் பக்கத்து ஊரான ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழ் படிப்பிக்கிறார்கள், ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டை முதல் முதல் நேரில் கேட்ட ஹார்டி மாணவர்களுக்கு இப்போது எண்பது வயதை நெருங்கும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகத்திலும் அவர்கள் இருப்பார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், சீக்கிரம். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்றால், அடுத்த பெருநாளுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.